பெட்டி ஏன் நின்றது?

பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. மும்பையில் லேமிங்டன் ரோடு இருக்கிறது. டெல்லியில் நேரு பிளேஸ் இருக்கிறது. மூன்றும் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் இடங்கள். அங்கே புதிய சாமான்களும் கிடைக்கும். பழைய சாமான்களும் கிடைக்கும்.

பழைய சாமான்களின் நடுவே ஒரு தகரப் பெட்டியைப் பார்க்கலாம். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. அதில் ஒரு சிறிய மின்விசிறி இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து பல நிற ஒயர்கள் கொத்தாகத் தொங்கும்.

கம்ப்யூட்டருக்குச் சோறு போடும் பெட்டி இது. கடைக்காரர்கள் இதை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். பவர் சப்ளை என்றும் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டால் தூக்கிப் போடுகிறோம். ஆனால் அதற்குள் இருக்கும் இந்தப் பெட்டி பல நேரம் நன்றாகவே இருக்கும். அதனால் பலர் இதை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். எல்.இ.டி. விளக்கு எரிக்கிறார்கள். கார் டேப் ரிக்கார்டரை வீட்டில் பாட வைக்கிறார்கள். சிறிய தண்ணீர் மோட்டாரை ஓட்டுகிறார்கள். ரேடியோ பழுது பார்க்கும் கடைகளிலும் இது உதவுகிறது.

ஒரு நாள் பெட்டி நின்றுவிடுகிறது. சுவிட்சைப் போட்டாலும் ஓடவில்லை. உடனே பெட்டி செத்துவிட்டது என்று நினைக்கிறோம். சிலர் குப்பையில் போடுகிறார்கள். சிலர் மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்கிறார்கள். குப்பையில் போட்டால் பணம் போகும். உள்ளே கை வைத்தால் உயிரே போகலாம்.

பல நேரம் பெட்டி செத்திருக்காது. அது தூங்கிக்கொண்டிருக்கும். அல்லது ஆபத்தைக் கண்டு தானாகவே நின்றிருக்கும். எது என்று வெளியில் இருந்தே கண்டுபிடிக்கலாம். எப்படி? வாருங்கள், பார்ப்போம்.

பெட்டி என்ன வேலை செய்கிறது?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். இது மிகவும் பலமானது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிறிய பாகங்கள் இதைத் தாங்காது. அவற்றுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் போதும். 230 வோல்ட்டை வாங்கி இப்படிச் சிறிதாக்கித் தருவதுதான் பெட்டியின் வேலை.

வோல்ட் என்றால் என்ன? ஆம்பியர் என்றால் என்ன? தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறதோ, அது வோல்ட் போன்றது. எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, அது ஆம்பியர் போன்றது. இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்.

12 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடினால் 24 வாட். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நிறத்தைப் பார்த்தால் ஒயர் தெரியும்

1995-ஆம் ஆண்டில் ஏ.டி.எக்ஸ். என்ற முறை வந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான பெட்டிகளில் ஒயரின் நிறம் ஒரே மாதிரி இருக்கும்.

கறுப்பு: இது பொதுவான ஒயர். எல்லா மின்சாரமும் இதன் வழியாகத் திரும்பும்.
மஞ்சள்: 12 வோல்ட்.
சிவப்பு: 5 வோல்ட்.
ஆரஞ்சு: 3.3 வோல்ட்.
ஊதா: இதுவும் 5 வோல்ட். பெட்டி தூங்கும்போதும் இதில் மின்சாரம் இருக்கும்.
பச்சை: பெட்டியை எழுப்பும் ஒயர்.
சாம்பல்: "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று செய்தி சொல்லும் ஒயர்.
நீலம்: இதில் மின்சாரம் எதிர்ப்பக்கமாக இருக்கும். நமக்கு இது வேண்டாம்.

சில கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி முறையில் ஒயர் வைத்திருக்கும். புதிய பெட்டிகள் சிலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும். எனவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் இணைக்க வேண்டும்.

முதல் பாடம்: மூடியைத் திறக்காதீர்கள்

பெட்டிக்குள் பெரிய கண்டன்சர்கள் இருக்கின்றன. கண்டன்சர் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். பெட்டிக்குள் போன மின்சாரம் அங்கே சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கி இருக்கலாம். தொட்டால் கடுமையான ஷாக் அடிக்கும். ஆள் சாகலாம்.

"பிளக்கை எடுத்துவிட்டேனே, இனி என்ன பயம்?" என்று நினைக்காதீர்கள். இந்த எண்ணம்தான் ஆபத்து.

பெட்டிக்குள் ஒரு பியூஸ் உண்டு. சிலர் அதை மாற்றினால் போதும் என்று திறக்கிறார்கள். பியூஸ் சும்மா போகாது. உள்ளே வேறு பாகம் கெட்டிருந்தால்தான் பெரும்பாலும் பியூஸ் போகும். புதிய பியூஸ் போட்டாலும் உடனே போய்விடும். எனவே திறந்து பயன் இல்லை. உள்வேலை தெரிந்த மெக்கானிக்குத்தான் அந்த வேலை.

காற்று போகும் துளைகள் வழியாகக் கம்பி, ஊசி, திருப்புளி எதையும் விடாதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பெட்டியை வையுங்கள்.

இரண்டாம் பாடம்: எர்த் வேண்டும்

சில வீடுகளில் பெட்டியின் தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். "கொஞ்சம்தானே அடிக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. வீட்டில் எர்த் சரியில்லை என்பதற்கு அது அடையாளம்.

பெட்டியில் மின்சாரம் நுழையும் இடத்தில் சில சிறிய கண்டன்சர்கள் இருக்கும். அவை கொஞ்சம் மின்சாரத்தைத் தகரத்துக்கு அனுப்பும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகரத்திலேயே நிற்கும். நீங்கள் தொட்டால் உங்கள் உடம்பு வழியாகப் போகும்.

கறுப்பு ஒயரும் தகரத்தோடு சேர்ந்தே இருக்கிறது. எனவே நீங்கள் இணைத்த விளக்கின் தகரத்திலும் அந்தச் சுருக்கு இருக்கலாம்.

இன்று சுருக்கென்று மட்டும் இருக்கும். நாளை உள்ளே ஒரு ஒயர் அறுந்து தகரத்தில் படலாம். அப்போது 230 வோல்ட்டும் தகரத்தில் நிற்கும். எர்த் இருந்தால் பியூஸ் போகும், உயிர் தப்பும். எர்த் இல்லாவிட்டால் தொட்டவர் உயிர் போகும்.

பெட்டிக்கு மூன்று பின் உள்ள பிளக்தான் போட வேண்டும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு மாட்டாதீர்கள். இரண்டு பின் உள்ள பாயிண்டில் செருகாதீர்கள். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிப் பாருங்கள்.

பெட்டியை எழுப்புவது எப்படி?

பழைய பெட்டியை வாங்கி வந்து பிளக்கில் மாட்டுகிறோம். விசிறி சுற்றவில்லை. மஞ்சள் ஒயரில் மின்சாரம் இல்லை. உடனே "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று கோபப்படுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். பெட்டி தூங்குகிறது. கம்ப்யூட்டரில் சுவிட்சை அழுத்தினால் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். செய்தி வந்தால்தான் பெட்டி ஓடும். இப்போது கம்ப்யூட்டர் இல்லை. செய்தி அனுப்ப ஆள் இல்லை. அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சேர்த்தால் பெட்டி எழுந்துவிடும். பிரித்தால் மறுபடியும் தூங்கிவிடும்.

இதை எப்படிச் செய்வது? முதலில் பிளக்கை எடுங்கள். பிறகு பச்சையையும் கறுப்பையும் ஒரு சிறிய சுவிட்சில் இணையுங்கள். இணைப்புக்கு மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டுங்கள். இனி அந்தச் சுவிட்சுதான் பெட்டிக்குச் சுவிட்சு.

ஒரு எச்சரிக்கை. பச்சையைக் கறுப்போடு மட்டுமே சேர்க்க வேண்டும். மஞ்சளோடும் சிவப்போடும் சேர்க்கக் கூடாது.

ஓடவில்லையா? வரிசையாகப் பாருங்கள்

நோய் வந்தால் டாக்டர் என்ன செய்கிறார்? கேள்வி கேட்கிறார். நாடி பார்க்கிறார். பிறகுதான் மருந்து எழுதுகிறார். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டும். மீட்டரில் டி.சி. 20 வோல்ட் என்ற இடத்தில் முள்ளை வையுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியின் கறுப்பு ஒயரில் வையுங்கள். சிவப்பு முனையை நாம் பார்க்க வேண்டிய ஒயரில் வையுங்கள்.

1. முதலில், இணைத்திருக்கும் விளக்கு, மோட்டார் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெட்டி தனியாக இருக்கட்டும்.

2. பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா? அதே பாயிண்டில் வேறு ஒரு விளக்கை மாட்டிப் பாருங்கள்.

3. பெட்டியின் பின்னால் சுவிட்சு இருக்கிறதா? அதில் ஒரு பக்கம் ஒரு கோடு இருக்கும். மறுபக்கம் ஒரு வட்டம் இருக்கும். கோடு என்றால் ஓடும். வட்டம் என்றால் நிற்கும். கோடு உள்ள பக்கம் அழுந்தி இருக்க வேண்டும்.

4. சில பெட்டிகளில் சிறிய சிவப்புத் தள்ளுசுவிட்சு ஒன்றும் இருக்கும். அதில் 115, 230 என்று எழுதி இருக்கும். நம் நாட்டில் அது 230-ல்தான் இருக்க வேண்டும். மாட்டும் முன்பே இதைப் பாருங்கள். 115-ல் வைத்து மாட்டினால் உள்ளே கண்டன்சர் வெடிக்கலாம். பிளக்கை எடுத்த பிறகே அதைத் தள்ள வேண்டும்.

5. பிளக் ஒயரை மாற்றிப் பாருங்கள். வேறு கம்ப்யூட்டரின் ஒயரும் இதற்குப் பொருந்தும்.

6. இப்போது ஊதா ஒயரைப் பாருங்கள். மீட்டர் 5 வோல்ட் காட்டுகிறதா? காட்டினால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகும் ஒன்றும் காட்டவில்லை என்றால் உள்ளே பழுது. மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

7. ஊதாவில் 5 வோல்ட் இருக்கிறது. ஆனால் பெட்டி எழவில்லை. அப்படியானால் பச்சை ஒயரைப் பாருங்கள். சுவிட்சைப் போடும் முன் அதில் 3 முதல் 5 வோல்ட் வரை இருக்கும். சுவிட்சைப் போட்டதும் அது கிட்டத்தட்ட 0 ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் உங்கள் சுவிட்சோ, இணைப்போ சரியில்லை. ஒயரை மறுபடி இணையுங்கள்.

8. பெட்டி எழுந்துவிட்டதா? இப்போது மற்ற ஒயர்களை அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். சாம்பல் ஒயரில் சுமார் 5 வோல்ட் இருந்தால் எல்லாம் நலம்.

விசிறி சுற்றவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். சில புதிய பெட்டிகளில் சூடு ஏறிய பிறகுதான் விசிறி சுற்றும். மீட்டர் காட்டுவதையே நம்புங்கள்.

ஓடிய பெட்டி ஏன் நிற்கிறது?

சில நேரம் பெட்டி எழுகிறது. விசிறி ஒரு சுற்று சுற்றுகிறது. பிறகு நின்றுவிடுகிறது. இது பழுது இல்லாமலும் இருக்கலாம். இது காவல்.

பெட்டிக்குள் ஒரு காவல்காரன் இருப்பது போல ஏற்பாடு இருக்கிறது. ஒயரில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் காவல்காரன் பெட்டியை நிறுத்திவிடுவான். அவன் நிறுத்தவில்லை என்றால் ஒயர் சூடாகும். டேப் உருகும். தீப்பிடிக்கும்.

நின்ற பெட்டி தானாக எழாது. பிளக்கை எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். காரணத்தைச் சரி செய்ய வேண்டும். பிறகுதான் மறுபடி மாட்ட வேண்டும். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பச் சுவிட்சைப் போடாதீர்கள்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று.

முதல் காரணம், ஷார்ட். மஞ்சளோ சிவப்போ எங்கோ கறுப்பைத் தொடுகிறது. டேப் கழன்ற இணைப்பைப் பாருங்கள். வெட்டிவிட்ட ஒயர்களின் நுனியைப் பாருங்கள். பயன்படாத ஒயர் ஒவ்வொன்றின் நுனிக்கும் தனித்தனியாக டேப் போட வேண்டும். எல்லா நிறத்தையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கக் கூடாது.

இரண்டாம் காரணம், பாரம் அதிகம். பெட்டி தரக்கூடியதைவிட நாம் அதிகம் கேட்கிறோம்.

மூன்றாம் காரணம், தொடக்கத்தில் இழுக்கும் பொருள்கள். மோட்டார் ஓடத் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். பெரிய ஆம்பிளிபயரும் அப்படித்தான். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் காவல்காரன் அதையும் பார்த்துவிடுவான். இதற்கு இன்னும் பலமான பெட்டி வேண்டும். அல்லது சிறிய மோட்டார் வேண்டும்.

தையல் கடைக் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

பெங்களூரில் ஒரு தையல் கடை. ஓர் அக்கா நடத்துகிறார். பழைய கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துத் தையல் மேசைக்கு மேல் எல்.இ.டி. பட்டை விளக்குப் போட்டிருக்கிறார். நல்ல வெளிச்சம். ஊசியில் நூல் கோர்க்கக் கண் வலிக்கவில்லை.

தீபாவளி வந்தது. தைக்க வேண்டிய துணி நிறைய. இன்னும் இரண்டு மேசை போட்டார். அதற்கு மேல் இன்னொரு பட்டை விளக்கு மாட்டினார். சுவிட்சைப் போட்டார். எல்லாம் ஒரு முறை மின்னியது. பிறகு இருட்டு.

பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"தம்பி, பெட்டி செத்துப்போச்சு. நாளைக்கு இருபது ரவிக்கை கொடுக்கணும். புதுசு வாங்கணுமா?"

"அவசரப்படாதீங்க அக்கா. புதுசா என்ன மாட்டினீங்க?"

"இன்னொரு ரோல் விளக்கு மாட்டினேன்."

"அதைக் கழற்றுங்க. பிளக்கை எடுத்துட்டு ஒரு நிமிஷம் பொறுங்க."

ஒரு நிமிடம் கழித்துப் பிளக்கை மாட்டினார்கள். முதல் ரோல் எரிந்தது.

"பாருங்க அக்கா, பெட்டிக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க சுமக்க முடியாத சுமையை ஏத்திட்டீங்க."

மெக்கானிக் கணக்குப் போட்டுக் காட்டினார். விளக்குச் சுருளின் அட்டையில் ஒரு மீட்டருக்கு 14 வாட் என்று எழுதி இருந்தது. ஒரு சுருள் 5 மீட்டர். 14-ஐ 5-ஆல் பெருக்கினால் 70 வாட். 70-ஐ 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். இரண்டு சுருளுக்கும் 12 ஆம்பியர் வேண்டும்.

பிறகு பெட்டியின் பக்கத்தில் ஒட்டி இருந்த சீட்டைக் காட்டினார். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 8 ஆம்பியர் என்று இருந்தது. கேட்டது 12. இருப்பது 8. காவல்காரன் நிறுத்திவிட்டான்.

"அப்போ என்ன செய்யறது தம்பி?"

"இன்னொரு பழைய பெட்டி வாங்குங்க. இரண்டாவது ரோலை அதில் தனியா மாட்டுங்க. ஆனா இரண்டு பெட்டியோட மஞ்சள் ஒயரை மட்டும் ஒண்ணா சேர்க்கக் கூடாது. ஒரு பெட்டி இன்னொரு பெட்டியைக் கெடுத்துடும்."

சீட்டில் 8 என்று இருந்தால் எட்டையும் எடுக்கக் கூடாது. நான்கில் மூன்று பங்குதான் எடுக்க வேண்டும். அதாவது 6 ஆம்பியர். பழைய பெட்டிக்குப் பழைய பலம் இருக்காது. மனிதர்களுக்கும் அப்படித்தானே?

சீட்டில் பெட்டியின் மொத்த வாட்டும் எழுதி இருக்கும். "300 வாட் பெட்டி, 70 வாட் விளக்குக்குப் போதாதா?" என்று கேட்கலாம். அந்த 300 வாட்டும் ஒரே நிறத்தில் வராது. எல்லா நிறத்துக்கும் சேர்த்துத்தான் 300. எனவே மொத்தத்தைப் பார்க்காதீர்கள். மஞ்சளுக்கு எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள்.

ஒயரையும் கவனிக்க வேண்டும். ஒரு மஞ்சள் ஒயரில் 5 ஆம்பியருக்கு மேல் அனுப்பாதீர்கள். அதிகம் வேண்டும் என்றால் அதே பெட்டியின் இரண்டு மூன்று மஞ்சள் ஒயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பையும் அதே எண்ணிக்கையில் சேருங்கள்.

ஓடுகிறது, ஆனால் சரியில்லை

விளக்கு மங்கலாக எரிகிறதா? முதலில் பெட்டிக்கு அருகில் மஞ்சள் ஒயரை அளந்து பாருங்கள். பிறகு விளக்கின் அருகில் அளந்து பாருங்கள். பெட்டியிடம் 12 இருக்கிறது, விளக்கிடம் 10 தான் இருக்கிறது என்றால் ஒயரில் குறை. ஒயர் மெல்லியது, அல்லது மிக நீளம். தடித்த ஒயர் போடுங்கள்.

பெட்டியிடமே 12-க்குப் பதில் 11 தான் இருக்கிறதா? சில பழைய பெட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிவப்பு ஒயரில் கொஞ்சமாவது வேலை கொடுத்தால்தான் மஞ்சள் சரியாக வரும். ஒரு வேலையும் இல்லாவிட்டால் சில பெட்டிகள் எழவே எழாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். அது வெள்ளையாக, சிறிய செங்கல் போல இருக்கும். அதைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் இணையுங்கள். அது அரை ஆம்பியர் இழுக்கும். அதிலிருந்து 2.5 வாட் சூடு வரும். கை வைத்தால் சுடும். துணி, காகிதம், பிளாஸ்டிக் அதன் மேல் படக் கூடாது.

ரெசிஸ்டர் போட்ட பிறகும் வோல்ட் சரியாகவில்லையா? அப்படியானால் உள்ளே கண்டன்சர் கெட்டிருக்கலாம். மெக்கானிக் பார்க்கட்டும்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு நிற்கிறதா? சூடு காரணமாக இருக்கலாம். விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து காற்று அடித்துத் தூசியைப் போக்கலாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அதன் மேல் துணி போடாதீர்கள்.

கருகும் வாசனை வருகிறதா? புகை வருகிறதா? உள்ளே பட் பட் என்று சத்தம் கேட்கிறதா? உடனே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அந்தப் பெட்டியை மறுபடி மாட்டிப் பார்க்காதீர்கள்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது?

கார் பேட்டரியை இந்தப் பெட்டியில் நேரடியாக மாட்டிச் சார்ஜ் செய்யக் கூடாது. அந்தப் பேட்டரி முழுதாக ஏறச் சுமார் 14 வோல்ட் வேண்டும். பெட்டி 12 தான் தரும். பெட்டி நிற்கும்போது பேட்டரியின் மின்சாரம் பெட்டிக்குள் திரும்பிப் போகும். பெட்டி கெடும்.

குளியலறையிலும் ஈரமான இடத்திலும் வைக்கக் கூடாது. படுக்கைக்கு அடியிலும் வைக்கக் கூடாது. இரவில் ஆள் இல்லாமல் ஓட விடக் கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

உண்மையிலேயே செத்துவிட்டால்?

சில பெட்டிகள் உண்மையாகவே செத்துவிடும். அவற்றை என்ன செய்வது?

சிலர் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். அந்தப் புகை நஞ்சு. எரிப்பவரையும் கெடுக்கும், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளையும் கெடுக்கும். பழைய பெட்டிகளில் ஈயமும் இருக்கிறது. அது மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும்.

மின்னணுக் குப்பைக்கு நம் நாட்டில் தனி விதிகள் இருக்கின்றன. 2011-ஆம் ஆண்டில் முதலில் விதிகள் அறிவிக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டில் வந்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தக் குப்பையைப் பிரிக்கப் பதிவு பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. செத்த பெட்டியை அவற்றுக்குப் போய்ச் சேரும்படி கொடுக்க வேண்டும். எரிக்கக் கூடாது. குளத்திலோ சாக்கடையிலோ போடக் கூடாது.

ஆனால் அதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அது செத்த பெட்டியா? தூங்கும் பெட்டியா? உங்களைக் காப்பாற்ற நின்ற பெட்டியா?

நினைவில் வைப்போம்

மூடியைத் திறக்காதே.
மூன்று பின் பிளக்கை மாட்டு.
பச்சையும் கறுப்பும் சேர்ந்தால் பெட்டி எழும்.
ஊதாவில் 5 வோல்ட் இருந்தால் உயிர் இருக்கிறது.
நின்ற பெட்டிக்குக் காரணம் தேடு.
மாட்டும் முன் கணக்குப் போடு.

பேசிப் பார்ப்போம்

1. பிளக்கை எடுத்த பிறகும் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஏன்?
2. உங்கள் வீட்டுப் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா? யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்?
3. ஒரு பெட்டியின் சீட்டில் 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் என்று இருக்கிறது. 12 வோல்ட்டில் ஓடும் 36 வாட் விளக்குகள் எத்தனை மாட்டலாம்? நான்கில் மூன்று பங்கு என்பதை மறக்காமல் கணக்குப் போடுங்கள்.
4. உங்கள் ஊரில் பழைய கம்ப்யூட்டர், டி.வி., செல்போன் எல்லாம் எங்கே போகின்றன? கூடிப் பேசுங்கள்.